முடிச்சுப் போட்ட சொப்பின் பை

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிறவர்கள், கடிதம் எழுதுகிறவர்கள், இங்கே கோயிலில் காண்கிறவர்கள் எல்லாருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. வயதுபோன தகப்பனை யாழ்ப்பாணத்தில் தனியே விட்டுவிட்டு ஒஸ்லோவில் உனக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்பதுதான் அது. இவ்வளவு நேராக ஒருவரும் கேட்பதில்லை. ஐயா எப்படி இருக்கிறார், அவருடைய அலுவல் எந்த அளவில் நிற்கிறது என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். நானும் பார்ப்போம், பார்ப்போம் என்று சொல்லிச் சமாளித்து வந்தேன்.

இன்று காலை எங்கள் வீட்டுக் குப்பை நெரிக்கும் இயந்திரம் மறுபடியும் இடைநடுவில் நின்றுவிட்டது. போன வருடம் இதே வாரம் அது இப்படி நின்றபோதுதான் ஐயாவை இங்கே கூப்பிடுகிற அலுவலும் நின்றது. அதனால் கேட்கிற எல்லாருக்கும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இதை வாசித்த பிறகு தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

குப்பையை நெரிக்க ஓர் இயந்திரமா என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. பார்வைக்கு அது சமையலறை அலுமாரி போல இருக்கும். கீழே ஒரு பெரிய இழுப்பறை. குப்பைப் பைகளை அதற்குள் போட்டுச் சாத்திவிட்டு, பூட்டிலுள்ள திறப்பைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் மேலிருந்து ஓர் இரும்புத் தட்டு இரண்டு நீண்ட திருகாணிகளில் இறங்கி வரும். உள்ளே இருப்பதைச் சப்பளித்துவிட்டுத் திரும்ப மேலே போகும். தட்டு கீழே இருக்கும்வரை இழுப்பறை திறக்காது. யாரும் கையை விட்டு நசுக்கிக்கொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு அது. இந்தப் பாதுகாப்பைத்தான் அன்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நாங்கள் இருப்பது நகரத்தின் கிழக்கே ஸ்தோவ்னரில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்கு ஒரு குப்பை வாளி. அதன் மூடி முழுதாகச் சாத்தியிருக்க வேண்டும். நாலு விரல் திறந்திருந்தாலும் நகரசபைக்காரர் வாளியைத் தொடாமல் ஒரு மஞ்சள் துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தேங்காய்ச் சிரட்டை, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் பெட்டி, அரிசிச் சாக்கு என்று எங்கள் சமையலுக்கு அந்த வாளி காணாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பம் சாப்பிட வந்தால் மூடி நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது மஞ்சள் துண்டை எங்கள் வீட்டு வரிசையின் தலைவர் தானே உரித்தெடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. நோர்வேயில் நாங்கள் மூடியைச் சாத்தி வைப்போம் என்று, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவருடைய நாட்டுக் கிழவர்கள் சாப்பிட்டு மிச்சம் விட்ட தட்டுகளை வழித்து வழித்துப் பதினாலு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவன் நான். வாளி மூடியைப் பற்றி எனக்குப் பாடம்.

அந்த எரிச்சலைத் தொலைபேசியில் ஸ்தவாங்கரில் இருக்கும் குணம் அண்ணையிடம் கொட்டினேன். அவர் அங்கே எண்ணெய்க் கொம்பனியில் இஞ்சினியர். ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கக் குடும்பம் அவரிடம் விட்டுப்போன இயந்திரத்தை, கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்போமர் ஒன்றோடு வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அந்த நாட்டு மோட்டார் இந்த நாட்டுக் கரண்டில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், சூடேறும், ஆனால் பழகிவிடும் என்றார். பிறகு எங்களையும் அந்த மோட்டாரையும் ஒப்பிட்டு ஏதோ தத்துவம் சொன்னார். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

2

ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. அம்மா போனபின் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற பாதை பூட்டியதிலிருந்து இரத்த அழுத்தத்துக்குப் போடுகிற குளிசைக்கும் வரிசை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அவரை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டேன். குடிவரவுக் கந்தோர் கேட்ட கடதாசிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தபோது கடைசியாக ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நடந்த நேர்காணலில் நீங்கள் ஒரு தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள், அவர் எங்கே? அங்கே ஒரு மகன் இருந்தால் தகப்பன் தனியானவர் அல்லவே.

என் தம்பி றஞ்சன் சைக்கிளில் ரியூசனுக்குப் படிப்பிக்கப் போனவன். நான் இங்கே வந்து சில வருடங்களின் பின் நடந்தது. சந்தியில் காவல் நின்ற ஆமிக்காரர் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. சைக்கிள் மட்டும் ஒரு வேலியில் சாத்திக் கிடந்தது. போன வருடத்தோடு பத்து வருடம் ஆகியிருந்தது. இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள முடியாது என்று பதில் வந்தது. அவருடைய விலாசத்தைத் தாருங்கள், அல்லது மரண அத்தாட்சிப் பத்திரத்தைத் தாருங்கள். இரண்டில் ஒன்று. கீழே அன்பான வாழ்த்துகளுடன் என்று ஒரு பெண்ணின் கையெழுத்து.

காணாமற்போனவர்களுக்கு மரணப் பத்திரம் எடுக்க ஊரில் வழி இருக்கிறது. பெற்றவர்கள் சமாதான நீதவான் முன்னால் போய், என் பிள்ளை இறந்துவிட்டான் என்று நம்புகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நட்டஈடு கிடைக்கும் என்று கிராம அலுவலரான விதானையார் எத்தனையோ தரம் வீட்டுக்கு வந்து சொல்லியும் ஐயா அசையவில்லை. அம்மா கேட்டும் அசையவில்லை. பத்து வருடம் ஒருவருக்கும் அசையாத அந்த மனிதனை நான்தான் அசைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அரித்தெடுத்தேன்.

"அது சும்மா ஒரு துண்டு ஐயா. கந்தோருக்குக் காட்டத்தான். அதாலை ஒண்டும் மாறாது" என்றேன்.

ஐயா போய்க் கையெழுத்துப் போட்டார். அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசிக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்து, ஐயா வளவுக்குள்ளை நிக்கிறார், பிறகு எடும் என்றார்.

3

தபாலை நம்ப முடியாத காலம். பத்திரம் ஊரிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் வந்து, கொழும்புக்குக் கலியாணத்துக்குப் போயிருந்த, பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் தெரிந்த அக்கா ஒருவரின் கைப்பைக்குள் ஏறி நோர்வேக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் திராமனுக்கு ரயில் எடுத்துப் போய் வாங்கி வந்தேன். திங்கட்கிழமை கந்தோரில் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

பத்திரமும் அதனோடு சேர்ந்த மற்றக் கடதாசிகளும் ஒரு சொப்பின் பைக்குள், கடையில் சாமான் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பைக்குள், இருந்தன. எங்கள் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், நகை அடகுத் துண்டு என்று ஒரு வீட்டின் உயிர் முழுவதும் ஒரு சொப்பின் பைக்குள்தான் இருக்கும். மழைக்கு நனையாது, ஷெல் விழுந்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓட வசதி. வாயைச் சுருட்டி இரண்டு முடிச்சு. எத்தனை இடப்பெயர்வில் எத்தனை வீட்டில் பெட்டி படுக்கை எல்லாம் போயும் அந்தப் பை மட்டும் மிஞ்சியது. ஒஸ்லோவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் கடவுச்சீட்டுகளே அப்படி ஒரு பையில், சாமித் தட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. திராமன் அக்காவும் ஊர்ப் பை நைந்துபோய்விட்டது என்று அதை இங்கத்தைய சுப்பர்மார்க்கெட் பை ஒன்றுக்குள் வைத்துக் கவனமாக இரண்டு முடிச்சுப் போட்டுத் தந்தார்.

இந்த நாட்டில் அதே சுப்பர்மார்க்கெட் பைக்குள்தான் எல்லாரும் வீட்டுக் குப்பையைப் போட்டு முடிச்சுப் போடுகிறார்கள். நாங்களும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சாமித் தட்டுக்குக் கீழே வைக்கப் போனேன். வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரணப் பத்திரத்தைக் கொண்டுபோய்ச் சாமிக்குக் கிட்ட வைக்க மனம் வரவில்லை. துடக்கு, தீட்டு என்றும் சொல்லலாம். உண்மையைச் சொன்னால், அங்கே வைத்தால் றஞ்சன் செத்ததை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. சமையலறை மூலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். மேலே எங்காவது எடுத்து வையுங்கோ என்று மனைவி வசந்தி சொன்னாள். பிறகு வைக்கிறேன் என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

4

சனிக்கிழமை வசந்திக்கு நாலு மணிவரை கடையில் வேலை. வீட்டில் நானும் மகள் அபிராவும்தான். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழ்ப் பள்ளியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அறைக்குள் இருந்துகொண்டு கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிற காலம். சமையலறை மூலையில் சேர்ந்த பைகளைச் சனிக்கிழமை காலையில் இயந்திரத்துக்குள் போடுவது அவளுடைய வேலை. அன்று அவள் எழும்பப் பிந்திவிட்டது. நான் மாடியிலிருந்து கத்தினேன், அந்த மூலையில் கிடப்பதெல்லாம் எப்போது போடப் போகிறாய் என்று. அவள் போட்டாள்.

நான் கீழே இறங்கி வந்தபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ போத்தல் வெடிக்கிற சத்தம். பிறகு ஒரு முனகல். பிறகு டிக் என்று அடங்கிவிட்டது. மூலையைப் பார்த்தேன், வெறும் தரை.

என்ன கத்தினேன் என்பதை முழுதாக எழுத எனக்கு வெட்கம். எங்கள் பொருள் எதுவும் உனக்குக் குப்பைதான், எங்கள் சாப்பாடு நாற்றம், எங்கள் பாசை நாற்றம், இப்போது இதையும் நெரித்துவிட்டாய், உனக்குள் எங்களுடையது என்று ஒரு துளிகூட இல்லை என்று தொடங்கி எங்கெங்கோ போனேன். அவள் இயந்திரத்தோடு ஒட்டி நின்றாள். அழவில்லை.

"முடிச்சுப் போட்ட பை நிலத்திலை இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத்தானே போடச் சொல்லுறனீங்கள்" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என் கோபத்தை இன்னும் ஏற்றியது. பிழை முழுவதும் என்னுடையது என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் கத்த முடியும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

5

முதலில் ஒழுங்கான வழியில் போனேன். இந்த நாடு எனக்கு அதைத்தான் பழக்கியிருக்கிறது. வீட்டுச் சாமான் திருத்துகிற ஒரு கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, நீங்கள் வரிசையில் பதினோராவது ஆள். கடைசியில் ஒரு பெடியன் வந்தான். இயந்திரத்தின் பெயரைச் சொன்னதும் அப்படி ஒரு சாமான் நோர்வேயில் விற்பதேயில்லையே என்று எனக்கு விளங்கப்படுத்தினான். என் வீட்டில் நிற்கிறது என்றேன். விற்கப்படாத சாமானுக்கு ஆள் அனுப்ப முடியாது என்றான். உள்ளே மிக முக்கியமான கடதாசி இருக்கிறது, கழற்றுகிற வழியையாவது சொல் என்று மன்றாடினேன். அத்தாட்சி பெற்ற மின்னியலாளர் இல்லாமல் எதையும் திறக்கக் கூடாது, காப்புறுதி செல்லாது, திங்கட்கிழமை எடுங்கள், நல்ல வாரஇறுதியாக அமையட்டும் என்றான். நான் ஊரில் ஏழு வருடம் தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றியவன். தோட்டக்காரர் தலையில் வைத்துத் தூக்கி வருகிற மோட்டாரைச் சத்தத்தை வைத்தே இன்ன வருத்தம் என்று சொன்னவன். இங்கே அதற்கு ஒரு கடதாசி இல்லாததால் தட்டு வழிக்கிறேன். ரிசீவரை வைத்துவிட்டு ஆணி கழற்றும் திருப்புளியை எடுத்தேன்.

சுவரில் பியூஸ் சரி. டிரான்ஸ்போமரில் கை வைத்தேன், இளஞ்சூடு. அதுவும் சரி. திறப்பைத் திருப்பி ஒருதரம் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமிவிட்டு மறுபடி டிக் என்று அடங்கியது. அப்படியென்றால் கரண்ட் வருகிறது, மோட்டார் எரியவில்லை, சுற்ற முடியாமல் எதிலோ இறுகி நிற்கிறது. பிளக்கைக் கழற்றினேன். அபிரா போகாமல் கதவடியில் நின்றாள். நான் கூப்பிடவில்லை, ஆனால் இயந்திரத்தைச் சரிக்க நான் தடுமாறியபோது வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகப் பழைய போர்வை ஒன்றின் மேல் அதைப் படுக்க வைத்தோம். இடுக்குகளால் புளித்த தண்ணீர் வடிந்தது. எலுமிச்சங்காய் ஊறுகாய் மணந்தது. வெடித்தது ஊறுகாய்ப் போத்தல்தான் என்று விளங்கியது.

அடித் தகட்டைக் கழற்றினேன். மோட்டாரிலிருந்து ஒரு செயின் போய் இரண்டு பல்லுச் சில்லுகளைச் சுற்றி வருகிறது. அந்தச் சில்லுகள் சுற்றினால் இரண்டு நீண்ட திருகாணிகளும் சுற்றும், தட்டு ஏறும், இறங்கும். போத்தல் ஒரு பக்கத்தில் அகப்பட்டதால் தட்டு சரிந்துவிட்டது. ஒரு திருகாணியில் கீழேயும் மற்றதில் மேலேயுமாக இறுகி நின்றது. கிறீஸ் என்று ஒன்றைக் கண்டு எத்தனையோ காலம். இனி மோட்டாரை ஓடவிட்டால் இன்னும்தான் இறுகும். செயினைக் கழற்றிவிட்டு, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பித் தட்டை முதலில் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மோட்டார் போல்டுகளை இளக்கிச் செயினைக் கழற்றினேன். பின்பக்கச் சில்லுக்கு என் கை போகவில்லை. நான் சொல்லாமலே அபிரா ஸ்பானரை என் கையிலிருந்து எடுத்துத் தன் மெல்லிய கையை உள்ளே விட்டாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டாள். இடப்பக்கம் என்றேன். கால் சுற்று அவள், கால் சுற்று நான். இடையிடையே நான் டோர்ச்சடித்துத் தட்டு எவ்வளவு சரிவில் நிற்கிறது என்று பார்ப்பேன். அவளுடைய விரல் தோல் உரிந்தது. விடு, நான் பார்க்கிறேன் என்றேன். விடவில்லை. மற்றபடி இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட நாங்கள் பேசியது 'கொஞ்சம்', 'நிப்பாட்டு', 'இன்னும் கொஞ்சம்' என்ற சொற்கள்தான். அவளோடு அவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்தது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று யோசித்தேன். அந்த யோசனையும் கோபத்தைத்தான் கொண்டுவந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

தட்டு மட்டத்துக்கு வந்ததும் சில்லுகள் இலகுவாகச் சுற்றத் தொடங்கின. கடைசிச் சுற்றில் உள்ளே ஒரு கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டது. இயந்திரத்தை நிமிர்த்தி இழுப்பறையை இழுத்தேன். வந்தது.

6

நாலு பையும் ஒரே கட்டியாக இருந்தன. அபிரா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். போத்தல் கண்ணாடி எங்கள் பையைக் குத்திக் கிழித்திருந்தது. அம்மாவின் மரணப் பத்திரமும் ஐயாவின் பிறப்புப் பத்திரமும் கசங்கினாலும் தப்பிவிட்டன. மேலே இருந்தது றஞ்சனுடையது. நாலாக மடித்த கடதாசி, மடிப்பு முழுவதும் ஊறுகாய் எண்ணெய். அபிரா அதைச் சமையலறை மேசையில் பேப்பர் துண்டின் மேல் விரித்தாள். முத்திரையும் பதிவாளரின் கையெழுத்தும் இருந்த இடத்தில் ஊதா நிறம் பரவிக் கிடந்தது. நடுவில் ஒரு கிழிசல். மேலே மரணப் பத்திரம் என்ற தலைப்பும் பெயர் இருந்த வரியும் மட்டும் தெளிவாக இருந்தன.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழ்ப் பள்ளிக்குப் போன எட்டு வருடத்தில் அவள் இவ்வளவு கவனமாக எதையும் வாசித்து நான் கண்டதில்லை.

"இது றஞ்சன் சித்தப்பாவின்ரை பெயர்" என்றாள். "சித்தப்பா செத்தவரோ? நீங்கள் அவர் கனடாவிலை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது சுவரிலிருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள். கனடா என்று வாயில் வந்தது. ஏன் இங்கே வருவதில்லை என்றபோது வேலை என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள், நானும் சொல்வதை விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்தபோது சித்தப்பாவுக்குப் பக்கத்தில் கனடாக் கொடி வரைந்தவளாம். ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாவாம். அதை அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

"நான் உங்கடை ஒண்டையும் தெரிஞ்சு எறியேல்லை அப்பா. ஒண்டையும் நீங்கள் எனக்குத் தரேல்லை" என்றாள்.

கோபப்படும் உரிமை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கோபம் சத்தமில்லாதது, அதனால் நான் கண்டதில்லை. மேசையடியில் உட்கார்ந்து சைக்கிள், வேலி, சந்தி எல்லாவற்றையும் சொன்னேன். மரணப் பத்திரம் ஏன் வந்தது, அப்பப்பா அதற்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சொன்னேன். இடையில் ஒருதரம்தான் கேட்டாள், அப்பப்பா அழுதாரா என்று. எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

7

திங்கட்கிழமை அந்தக் கடதாசியைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அன்பான வாழ்த்துகள் எழுதிய அதே பெண்தான் இருந்தா. உறையைத் திறந்ததும் அறை முழுவதும் ஊறுகாய் மணந்தது. முகம் சுளிக்காமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தா. முத்திரையும் கையெழுத்தும் வாசிக்க முடியாததால் இதை ஏற்க முடியாது, புதிதாக ஒன்று எடுத்துத் தாருங்கள், மூன்று வாரம் தருகிறேன் என்றா. உங்கள் சகோதரனுக்காக வருந்துகிறேன் என்றும் சொன்னா. போன மாதம்வரை விலாசம் கேட்டவ. மேசையில் குத்த வேண்டும்போல் வந்தது. நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

மூன்று வாரம் என்பது பெரிய காரியமில்லை. பதிவு ஊரில் கச்சேரியில், மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருக்கிறது. ஐயா போய் இன்னொரு பிரதி கேட்டு ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பின்னேரம் சமையலறையில் நின்று தொலைபேசி எடுத்தேன். அபிரா மேசையில் வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தாள். ஐயாவே எடுத்தார். எப்படிச் சொல்வது என்று வழி முழுவதும் யோசித்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், றஞ்சனின் பத்திரம் கிழிந்துவிட்டது ஐயா என்றேன்.

அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது.

"கிழிஞ்சு போச்சோ. நல்லது தம்பி" என்றார்.

நல்லது என்றால் என்ன கதை, இன்னொரு பிரதி வேண்டும் என்றேன். கச்சேரி, விண்ணப்பம், மூன்று வாரம் என்று அடுக்கினேன். ஐயா முழுவதையும் கேட்டார். அவர் எப்போதும் முழுவதையும் கேட்பார்.

"ஒருக்கா உனக்காண்டிப் போட்டுத் தந்தனான். பெத்த பிள்ளையை ரெண்டு தரம் சாகக் குடுக்கேலாது" என்றார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஐயாவோடு சத்தம் போட்டேன். தனியக் கிடந்து சாகப் போகிறீர்களா, இருக்கிற பிள்ளையைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லையா, வராதவனுக்காக வீட்டைக் காத்துக்கொண்டு கிடக்கிறீர்களே, உங்களுக்கு ஒன்று நடந்தால் என்னைத்தானே சனம் கேட்கும் என்றெல்லாம் கத்தினேன். ஐயாவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அவன் வரேக்கை வீட்டிலை ஆள் வேணும் தம்பி, உனக்கு அங்கை வசந்தி இருக்கிறா என்று சொல்லிவிட்டு, குளிரில் நெஞ்சு நோகிறதா என்று என்னை விசாரித்தார். நான் ரிசீவரைக் கையால் பொத்தினேன்.

அப்பப்பாவுக்குத் தன்மேல் கோபமா என்று அபிரா கேட்டாள். இல்லை, கிழிந்தது நல்லது என்கிறார் என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இதுவும் பொய்யோ அப்பா?"

ரிசீவரை அப்படியே அவளிடம் நீட்டினேன். வழக்கமாகச் சுகமா, சாப்பிட்டீங்களா என்ற இரண்டு கேள்வியோடு எனக்கே திருப்பித் தந்துவிடுகிறவள். அன்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தமிழில் சொல் தேடுகிறாள் என்று தெரிந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அப்பப்பா, றஞ்சன் சித்தப்பா எப்ப வருவார்?" என்று கேட்டாள்.

ரிசீவருக்குள் ஐயாவின் குரல் தொடங்கியது. எனக்கு என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அபிரா ஓம் என்றாள், பிறகு ஓம் ஓம் என்றாள், ஒருதரம் சிரித்தாள். தொலைபேசி அட்டையில் காசு முடிந்து தானாக அறுபடும்வரை ஐயா கதைத்தார். பத்து வருடத்தில் நான் அவரிடம் ஒரு நாளாவது கேட்காத கேள்வி அது.